மெசினுக்கும் ஒரு பித்ரா

அன்றைக்குச் சாய்ந்தமருதில் பிறை தெரியக் கூடாது என்று அல்லாஹ்விடம் கையேந்திய ஒரே ஆள் முர்ஷித்தான்.

நோன்பு இருபத்தொன்பது. பின்னேரமானால் ஊரெல்லாம் மேற்கே வயல் பக்கம் கழுத்தை நீட்டும். பிறை கண்டால் விடிந்ததும் பெருநாள், காணாவிட்டால் இன்னுமொரு நோன்பு. முர்ஷித் கேட்டது அந்த இன்னுமொரு நோன்பைத்தான். மேகம் போதாவிட்டால் தன்னிடம் கறுப்புத் துணி நிறைய இருக்கிறது என்றும் சொல்ல வாயெடுத்தான். படைத்தவனிடம் அப்படிக் கதைப்பது மரியாதையில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் தையற்காரன். வீட்டு முன்னறைதான் கடை. அறை நீளத்துக்குக் கட்டிய கம்பியில் கையில்லாத கறுப்பு அபாயா அங்கிகளும், கழுத்தில்லாத சட்டைகளும், ஒரு பக்கம் மட்டும் மூட்டிய சல்வார்களும் தொங்கின. காற்றடித்தால் அவை எல்லாம் சேர்ந்து அவனைப் பார்த்துக் கையாட்டுவது போலிருக்கும். கையிருந்தவை மட்டும்.

போன நோன்புப் பெருநாளைக்கு அவன் பாதிப் பேருக்கு உடுப்புக் கொடுக்கவில்லை. ஊருக்கே அக்காவான சுஹறா ராத்தா பழைய அபாயாவோடு பெருநாள் தொழுகைத் திடலுக்குப் போக வேண்டி வந்தது. போன ராத்தா சும்மா தொழுதுவிட்டு வரவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். கதை அக்கரைப்பற்று வரை போய்த் திரும்பியது. போகும்போது முர்ஷித் துணியை வாங்கித் தைக்கவில்லை என்று போனது. வரும்போது முர்ஷித் துணியைத் தின்றுவிட்டான் என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் கட்டாரிலிருந்து மச்சான் ஜுனைட் அழைத்தார். முர்ஷித்தின் மனைவி ஸப்னாவின் காக்கா, மூத்த அண்ணன். முர்ஷித்தின் புது மெசினை அனுப்பியவரும் அவர்தான்.

"மச்சான், இஞ்ச ஒரு தையல் கடையில இடமிரிக்கி. விசாவும் ரெடி. நீ ஊருல கெடந்து ஆக்கள்ட பேச்சு வாங்குற. கடைசியா ஒரு பெருநாள் தாறன். அதுக்கும் ஆக்கள்ட உடுப்பு குடுபடல்லண்டா பாஸ்போட்டத் தூக்கித்து வாற. ரெண்டாம் பேச்சில்ல."

முர்ஷித் "சரி மச்சான்" என்றுவிட்டான். ஸப்னா பக்கத்தில் நின்று கேட்டாள். அந்தக் கடைசிப் பெருநாள்தான் இது.

கட்டார் வெயிலுக்கு அவன் பயப்படவில்லை. ஜுனைட் தன் பிள்ளைகளைத் தொலைபேசிக்குள்ளால் வளர்த்தவர். ஒரு தடவை அவர் ஊருக்கு வந்து இறங்கியபோது, கடைசி மகள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்குக் காலெல்லாம் இரிக்கா?" என்று தாயிடம் கேட்டாளாம். முர்ஷித்துக்கு அந்தக் கதைதான் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அவனுக்கும் ஒரு மகன் இருந்தான். பெயர் பஸால். வயது இரண்டும் கொஞ்சமும்.

இந்தப் பஸாலை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் முர்ஷித் இரவும் பகலும் தைத்தான். அவன் தைத்து முடிக்காததற்குக் காரணமும் இந்தப் பஸால்தான்.

பஸாலுக்கு உலகத்தில் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "இதென்னா?" அதற்குப் பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி: "என்னத்துக்கு?" அதற்கும் சொன்னால், சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பான். இஸ்திரிப் பெட்டி சூடாக்கும் என்றால், அதற்கும் சுடுமே என்று தண்ணீர் வார்த்தான். சட்டை மனிசருக்கு என்றால், கோழிக்கு என்னத்துக்கு இல்லை என்று வெட்டுத் துண்டில் ஒன்றைக் கோழியின் கழுத்தில் மாட்டிவிட்டான். அந்தக் கோழி அன்றிலிருந்து மற்றக் கோழிகளோடு சேர்வதில்லை. குப்பையைக் கிளறுவதையும் விட்டுவிட்டது. சட்டை அழுக்காகும் என்ற எண்ணம்.

நோன்பு தொடங்கியதும் அதற்கொரு விசாரணை நடந்தது. வாப்பாவுக்கு ஏன் பிஸ்கட் வேண்டாம்? வாப்பாவுக்கு நோன்பு. நோன்பு எங்கே? பஸால் தகப்பனின் மடியில் ஏறி, இரண்டு கையாலும் வாயைப் பிளந்து, உள்ளே நோன்பைத் தேடினான். அண்ணாக்கு வரை விரலை விட்டுப் பார்த்தான். காணவில்லை. "நோன்பு போச்சி" என்று அறிவித்துவிட்டு, பிஸ்கட்டை உள்ளே வைத்தான். முர்ஷித் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து வருவதற்குள், கம்பியில் கிடந்த ஒரு சல்வாரின் காலுக்குள் பஸால் முழுவதுமாக இறங்கிவிட்டிருந்தான். அவனை வெளியே எடுக்க மூட்டிய தையலைப் பிரிக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு நாளும் இரவில் தைத்தது பகலில் இப்படிப் பிரிந்தால் ஒரு மனிதன் எப்படிப் பெருநாளைக்கு வந்து சேர்வது?

அன்று காலையில் ஸப்னாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அவள் தாதி. போவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது: பித்ரா அளப்பது. பெருநாள் தொழுகைக்கு முன் வீட்டிலுள்ள ஒவ்வொரு ஆளின் பேராலும் ஏழைகளுக்கு அரிசி கொடுத்துவிட வேண்டும். பால்குடிப் பிள்ளைக்கும் உண்டு. சாகாமத்து வயலில் விளைந்த சிவப்பரிசியை அவள் சுண்டு என்ற அளவுக் குவளையால் அளந்து சாக்கில் போட்டாள். பஸால் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"இதென்னா?"

"பித்ரா, மனே. இது வாப்பாட. இது உம்மாட. இது பஸால்ட."

"என்னத்துக்கு?"

"வீட்டுல இரிக்கிற எல்லாருக்கும் குடுக்கணும். குடுத்தாத்தான் பெருநாள் வரும்."

பஸால் தலையை ஆட்டினான். அவன் தலையை ஆட்டினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. ஸப்னா வாய் கட்டாத சாக்கை முன்னறை மூலையில் சாத்திவிட்டு, அலுமாரியிலிருந்து பாஸ்போட்டை எடுத்துப் படம் பிடித்து, காக்கா கேட்டிருந்தாரே என்று அவருக்கு அனுப்பினாள். அதை மேசையில் வைத்துவிட்டு, "பள்ளிலேருந்து புள்ளயள் வருவாங்க, சாக்கக் குடுத்திருங்க" என்று சொல்லிப் போனாள்.

முர்ஷித் தைக்க உட்கார்ந்தான். மெசின் பறந்தது. நண்பகல் லுஹர் பாங்குக்குள் இரண்டு சட்டை இறங்கியது. இப்படியே போனால் பிறை தெரிந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது அடிநூல் முடிந்தது.

அடிநூல் முடிந்தால் பெரிய காரியமில்லை. மெசினுக்குக் கீழேயிருந்து பொபின் கேஸை எடுத்து, வேறு நூல் சுற்றிய பொபினை அதற்குள் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். பெருவிரல் அளவான இரும்புக் கிண்ணம் அது. அதில்லாமல் மெசின் துணியை ஓட்டை போடும், தைக்காது. முர்ஷித் பொபின் கேஸைக் கழற்றி மேசையில் வைத்தான். நூல் சுற்றினான். திரும்பிப் பார்த்தான்.

பொபின் கேஸ் இல்லை.

பஸால் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு கையும் வெறுமை. முகத்தில் ஒரு குற்றமும் இல்லை.

"மனே, பொபின் எங்க?"

"ஓம்."

"எங்க வெச்ச?"

"ஓம்."

"கோழிக்குக் குடுத்தியா?"

பஸால் கொஞ்சம் யோசித்தான். "ஓம்" என்றான்.

முர்ஷித் கோழியைப் பிடித்துச் சட்டையைக் கழற்றிச் சோதித்தான். மேசைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, அரிசிப் பானை, தண்ணீர்க் குடம், தன் சாரன் மடிப்பு, பஸாலின் வாய், எல்லா இடமும் பார்த்தான். பஸாலும் கூடவே எல்லா இடமும் பார்த்தான். என்ன தேடுகிறோம் என்பது பற்றி அவனுக்குக் கவலையில்லை, தேடுவது பிடித்திருந்தது. இதற்கிடையில் பள்ளிவாசல் பையன்கள் வந்து "பித்ரா" என்று கூப்பிட்டார்கள். முர்ஷித் பாதித் தேடலில் எழும்பி, சாக்கின் வாயைக் கட்டி, தன் கையாலேயே தூக்கி முச்சக்கர வண்டியில் வைத்துவிட்டு ஓடி வந்து, மறுபடி கட்டிலுக்குக் கீழே நுழைந்தான்.

வேறொன்று வாங்கலாமே என்று கேட்பீர்கள். அவனுக்கும் அது தோன்றியது. காரைதீவில் மெசின் சாமான் விற்கும் குணத்துக்கு அழைத்தான்.

"குணமண்ணன், எண்ட மெசினுக்கு ஒரு பொபின் கேஸ் வேணும். அவசரம்."

"உன்ர மச்சான் அனுப்பின மெசினுக்கோ தம்பி?"

"ஓம்."

மறுபக்கம் பெருமூச்சு கேட்டது. "அந்த மெசின் இலங்கையில ஒண்டுதான் நிக்குது. அதுக்குச் சாமான் என்னட்ட மட்டுமில்ல, மட்டக்களப்புலயும் இல்ல, கொழும்புலயும் இல்ல. நீ பழைய மிதி மெசின வித்தாய் எலுவா? அப்பவே சொன்னனான்."

பழைய மெசினை வாங்கிய ஆள் பொத்துவிலில் இருந்தான். அவனும் தையற்காரன். பெருநாளுக்கு முந்திய நாள் எந்தத் தையற்காரனிடம் போய் மெசினைத் திருப்பிக் கேட்பது? கேட்பதற்குப் பதில் அவனிடமே கத்தரிக்கோலைக் கொடுத்துக் கழுத்தை நீட்டலாம்.

அந்த நேரம் பார்த்துச் சுஹறா ராத்தா வாசலில் வந்து நின்றார்.

"என்ன முர்ஷித் தம்பி, மெசின் சத்தமே இல்ல? நோன்போட களச்சித்தா?"

"வாங்க ராத்தா. உங்கட அபாயாதான் கைல."

"கைல எண்டு போன வருஷமும் சொன்ன. நான்தான் உடம்புல கேட்டன்." ராத்தா கம்பியில் தொங்கிய தன் அபாயாவைத் தடவிப் பார்த்தார். கழுத்தும் கையும் சரி. பக்கம் இரண்டும் திறந்து கிடந்தன. "இதப் போட்டுத்துப் போனா காத்து நல்லா வரும் போல."

"பக்கம் மட்டும்தான் ராத்தா மூட்டணும். பொக்கட்டும் வெச்சித்தன்."

"மூட்டு. பிறை தெரிஞ்சா நாளைக்கு வெள்ளன வருவன். இல்லாட்டி உண்ட மச்சானுக்கு நானே கோல் எடுத்துச் சொல்லுறன், உன்ன அங்க எடுக்கச் சொல்லி. நம்பர் இரிக்கி என்னட்ட." போகும் வழியில் பஸாலின் கன்னத்தைக் கிள்ளினார். "நீ தைச்சித் தா மனே. உண்ட வாப்பாவ நம்பேலா."

"ஓம்" என்றான் பஸால்.

ராத்தா போனதும் முர்ஷித் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலைக்குள் விமானம் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அவனுக்கு ஒரு புத்தி வந்தது. களவெடுத்தவனைக் களவெடுக்க விட்டுப் பின்தொடர்ந்தால் ஒளிக்கிற இடம் தெரியாதா? பஸாலுக்கு உயிரான சாமான் டீவி ரிமோட். அதை எடுத்து மேசை விளிம்பில் வைத்தான். பிறகு பாயில் சாய்ந்து, கண்ணை மூடி, லேசாகக் குறட்டையும் விட்டான்.

கால்ச்சத்தம் வந்தது. நின்றது. பஸால் பக்கத்தில் குந்தி, தகப்பனின் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தான். முர்ஷித் வெள்ளை விழியைக் காட்டினான். பஸால் இமையை மெதுவாக இறக்கிவிட்டு, உதட்டைத் திறந்து, உள்ளே எதையோ வைத்தான். சட்டைப் பொத்தான். தின்னும் சாமானில்லை என்பதால் முர்ஷித் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அசையாமல் கிடந்தான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். விளையாட்டுக்குக் கண்ணை மூடிய மனிதன் எத்தனையோ இரவு கண்ணை மூடாதவன். நிஜமாகவே தூங்கிப்போனான்.

பின்னேர அஸர் பாங்கு எழுப்பியது. துடித்து எழுந்தான். மேசையில் ரிமோட் இல்லை. பொத்தானைத் துப்பினான். மீசையில் பஸால் பூசிவிட்ட தையல் சோக்கட்டியின் வெள்ளை. யா அல்லாஹ், சூரியன் சாய்ந்துவிட்டது.

மூலையில் முணுமுணுப்புக் கேட்டது. அரிசிச் சாக்கு இருந்த இடத்தில் பஸால் குந்தியிருந்தான். சாக்குப் போய்விட்டதால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. சிந்திய நாலு சிவப்பரிசி மட்டும். அவன் கையில் ஒரு வெற்று நூற்கட்டை. அதைப் பக்குவமாகத் தரையில் வைத்தான்.

"இது கோழிர" என்றான்.

முர்ஷித் அவன் முன்னால் குந்தினான். "என்ன மனே சொன்ன?"

பஸால் விரலை நீட்டிக் காட்டினான். சட்டை கழன்று வெட்கத்தோடு நின்ற கோழியைக் காட்டி, "கோழிர" என்றான். மெசினைக் காட்டி, "மெசின்ட" என்றான். பிறகு வெற்று மூலையைக் காட்டிக் கையை விரித்தான். "போச்சி. பெருநாள் வரும்."

வீட்டிலுள்ள எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று உம்மா சொன்னாள். வாப்பா தன்னைவிட அதிக நேரம் மடியில் வைத்துக்கொள்ளும் இந்த மெசின் வீட்டு ஆளில்லாமல் வேறு யார்? உம்மா மறந்துவிட்டாள். பஸால் மறக்கவில்லை.

முர்ஷித் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினான். சைக்கிள் வாசலில் நின்றதை ஓடி முடிந்த பிறகுதான் நினைத்தான்.

பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய படங்கை விரித்து, மகல்லாவின் வீடுகளிலிருந்து வந்த அரிசி முழுவதையும் ஒரே குவியலாகக் கொட்டியிருந்தார்கள். அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள் இந்தப் பக்கம் தெரியவில்லை. சம்பா, நாடு, சிவப்பு எல்லாம் கலந்து கிடந்தது. இளைஞர்கள் நாலு பேர் அளந்து பைகளில் கட்ட, வேறு சிலர் அதை ஏழை வீடுகளுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முர்ஷித் வந்த வேகத்தில் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டான்.

"காக்கா, காக்கா! என்ன செய்யிறீங்க? இது பித்ரா அரிசி!"

"எண்ட மெசின்ட சாமான் இதுக்குள்ள கெடக்கு."

"எப்பிடி வந்திச்சி?"

முர்ஷித் உண்மையைச் சொன்னான். வேறு சொல்ல அவனுக்கு நேரமில்லை. முற்றம் சிரிப்பில் வெடித்தது. நோன்பு பிடித்த வயிறுகள் அப்படிச் சிரித்து அந்த ஊர் பார்த்ததில்லை. தூணில் சாய்ந்து ஓதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூடக் குர்ஆனை மூடி உயரத்தில் வைத்துவிட்டு வந்து சிரித்தார்.

"தையல் மெசினுக்கும் பித்ரா கடமையா? அப்ப எண்ட மோட்டச் சைக்கிளுக்கு?"

"ஹஸ்ரத்தக் கேட்டுத்துச் சொல்லுறம் காக்கா. அந்த மெசின் நோன்பு பிடிச்சதா?"

"அது ரெண்டு மூணு மணித்தியாலமா ஒண்டும் தின்னல்ல" என்றான் முர்ஷித். சிரிக்கச் சொல்லவில்லை. அழுகை வந்தது. "அல்லாஹ்வுக்காகத் தேடித் தாங்க தம்பிமார். இல்லாட்டி நான் கட்டார்."

அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. இளைஞர்களும் குந்தித் துழாவினார்கள். பஸால் குவியல் உச்சிக்கு ஏறி, இருந்தபடியே சறுக்கி வந்தான், மறுபடி ஏறினான். வெயில் மஞ்சளாகிப் பள்ளிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. "பாதிப் பை போயித்துக் காக்கா" என்றான் ஒருவன் மெதுவாக. "ஆர்ட வீட்டுக்குப் போச்சிதோ." முர்ஷித் அரிசியை அள்ளுவதும் விரலிடுக்கால் விடுவதுமாக இருந்தான். அவன் கைகளுக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

அப்போது களஞ்சியப் பக்கமிருந்து சீனிமுகம்மது காக்கா வந்தார். பள்ளிவாசலின் பித்ரா பொறுப்பு அவருடையது. ஆள் நிதானம். தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

"என்ன தேடுறீங்க?"

சொன்னார்கள்.

"அப்பிடியா" என்றார். "மகரிபுக்குப் பொறகு மைக்கில சொல்லுவம் எண்டு வெச்சிருந்தன்." ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, நோன்புக் கஞ்சி காய்ச்சிய பெரிய கிடாரத்துக்குப் பக்கத்துத் திண்டில் விரித்தார். "ஒரு சிவப்பரிசிச் சாக்கக் கொட்டக்குள்ள வந்திச்சி. ஆர்ட வீட்டுப் பித்ரா எண்டு விளங்கல்ல. ஆனா முறையாத்தான் குடுத்திரிக்காங்க."

கைக்குட்டையில் பிள்ளைகள் சப்புகிற ஒரு சூப்பி கிடந்தது. தாதிச் சட்டையில் குத்துகிற, ஸப்னாவின் பெயர் எழுதிய தகடு கிடந்தது. பொபின் கேஸ் கிடந்தது. அதற்குக் கீழே முர்ஷித்தின் பாஸ்போட் கிடந்தது.

சூப்பி பஸாலுடையது. தகடு உம்மாவுடையது. பொபின் மெசினுடையது. வாப்பாவுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று தேடியவன், வாப்பாவின் படமே ஒட்டிய புத்தகத்தைக் கண்டிருக்கிறான்.

முர்ஷித் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை நீட்டினான். அவனுக்கு முன்பு இரண்டு சின்னக் கைகள் நீண்டன.

கொடுத்த சாமானெல்லாம் திருப்பி வந்து கிடப்பதைப் பஸால் கண்டுவிட்டான். அப்படியானால் பெருநாள் வராது. ஒரு கையில் பாஸ்போட்டையும் மறு கையில் பொபின் கேஸையும் பறித்தான். அரிசிக் குவியலைச் சுற்றிப் பெரிய ஆட்கள் நின்றார்கள். பக்கத்தில் திறந்து கிடந்தது கஞ்சிக் கிடாரம். நெருப்பு அணைத்து ஆற வைத்த கஞ்சி. அதுவும் அரிசிதானே! திண்டில் ஏறி இரண்டு கையையும் கிடாரத்துக்கு மேல் நீட்டினான்.

சீனிமுகம்மது காக்கா நிதானமாகத்தான் பிடித்தார், ஆனால் பிள்ளையின் இடுப்பைத்தான் பிடித்தார். இனிப் பிள்ளை விழாது. கைகள் இரண்டும் கஞ்சிக்கு மேலேயே நின்றன.

"மனே" என்றான் முர்ஷித். "வாப்பாட்டத் தா."

"பித்ரா" என்றான் பஸால்.

"சரி மனே. பித்ராதான். வாப்பா வேற தாறன்."

"இது வாப்பாட" என்று பாஸ்போட்டை ஆட்டினான். "இது மெசின்ட" என்று பொபினை ஆட்டினான். பிறகு, உம்மா சுண்டைக் கவிழ்ப்பது போல, இரண்டு கை விரல்களையும் ஒரே நேரத்தில் விரித்தான்.

முர்ஷித் பாய்ந்தான். எட்டியது ஒரு கைக்குத்தான். எந்தக் கைக்கு என்று அவன் யோசித்தானா என்று பிறகு ஊரில் எத்தனையோ பேர் கேட்டார்கள். யோசிக்க நேரமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னான். ஆனால் பாஸ்போட் இருந்த கை அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. பொபின் இருந்த கை அந்தப் பக்கம். அவன் அந்தப் பக்கம் பாய்ந்தான்.

பொபின் கேஸ் அவன் உள்ளங்கையில் விழுந்தது. பாஸ்போட் கஞ்சியில் விழுந்தது. முதலில் மிதந்தது, பிறகு இலங்கைச் சின்னத்தோடு மெதுவாகத் தாழ்ந்தது.

அகப்பையால் மூன்று பேர் தேடி எடுத்தார்கள். பக்கங்கள் ஒட்டிக் கொழுக்கட்டை மாவு போலாகிவிட்டன. படத்திலிருந்த முர்ஷித்தின் முகத்தில் ஒரு இஞ்சித் துண்டு. சீனிமுகம்மது காக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கஞ்சியை ஒரு தரம் கிண்டினார். ஊற்றிவிட மனம் வரவில்லை. வாளியோடு வந்த எல்லாருக்கும் அதைத்தான் வார்த்தார்கள். அன்று அந்தக் கஞ்சி குடித்தவர்களில் மூன்று பேருக்கு அந்த வருடமே வெளிநாட்டு விசா கிடைத்தது. ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

முர்ஷித் பொபினை வாயில் கவ்விக்கொண்டு, மகனைத் தோளில் போட்டு ஓடினான். மெசின் மறுபடி பறந்தது. சூரியன் இறங்கி மகரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும். பிறை பார்க்க அவன் வெளியே போகவில்லை. போக வேண்டியும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வானொலி சொல்ல, தெருவெல்லாம் வெடிச்சத்தம் கிளம்பியது. ஒரு மேகம் கூட உதவவில்லை. டியூட்டி முடிந்து வந்த ஸப்னா எல்லாவற்றையும் கேட்டாள். கஞ்சி பிடித்த பாஸ்போட்டை முகர்ந்து பார்த்தாள். பஸாலின் இடுப்பில் தன் ஷோலைக் கட்டி, மறு நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊசியை எடுத்துப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். பள்ளியில் எழுந்த தக்பீர் முழக்கத்துக்கு மெசின் தாளம் போட்டது. கடைசியாக மூட்டியது சுஹறா ராத்தாவின் அபாயா. அதன் பக்கத்தைத் தைக்கும்போது முர்ஷித்துக்குக் கண் தெரியவில்லை, கைக்குக் கனமும் தெரியவில்லை.

விடிவதற்குள் கம்பி வெறுமையாகிவிட்டது. எல்லாரும் வந்து வாங்கிப் போனார்கள். ராத்தாவும் வந்தார், வாயைத் திறக்காமல் வாங்கினார். அதுவே ஒரு அதிசயம்.

தொழுகை முடிந்து வந்து முர்ஷித் கதிரையில் விழுந்த நேரம் ஜுனைட்டின் அழைப்பு வந்தது. திரையில் முகம்.

"ஈத் முபாரக் மச்சான். எப்பிடி? உடுப்பெல்லாம் குடுபட்டா?"

"குடுபட்டு மச்சான்."

"எல்லாருக்குமா? ஒரு முறைப்பாடும் இல்லாம? நீ சொன்னா நான் நம்பமாட்டன். ஊருல ஆரயாச்சும் கேக்கணும்."

வாசலில் நிழல் விழுந்தது. புது அபாயாவோடு சுஹறா ராத்தா நின்றார். நடையில் ஏதோ ஒரு சாய்வு. வலது பக்கம் அபாயா கீழே இழுத்துக்கொண்டு நின்றது. முர்ஷித் அந்த இடத்தைப் பார்த்தான். பொக்கட்டின் வாயைப் பக்கத் தையலோடு சேர்த்து மூட்டியிருந்தான். உள்ளே நீளமாக, கட்டையாக ஒரு சாமான். அவனுக்கு என்னவென்று விளங்கிவிட்டது.

"ஜுனைட் தம்பியா?" ராத்தா தொலைபேசியை அவன் கையிலிருந்து வாங்கினார். "ஈத் முபாரக். நான் சுஹறா."

"ராத்தா! நீங்களே சொல்லுங்க. எப்பிடி இந்த முறை?"

ராத்தா முர்ஷித்தைப் பார்த்தார். ஒரு வருடக் கோபம் அந்தப் பார்வையில் இருந்தது. அவன் மீசையில் இன்னும் சோக்கட்டி வெள்ளை இருந்தது. உம்மாவின் ஷோல் நுனியில் இன்னும் கட்டுண்டிருந்த பஸால் தவழ்ந்து வந்து, அவருடைய காலைப் பிடித்து எழும்பி நின்றான்.

"நேரத்துக்குத் தந்தான் தம்பி. குறை சொல்ல ஒண்டுமில்ல" என்றார் ராத்தா. "டீவி ரிமோட்டும் வெச்சித் தைச்சித் தந்திரிக்கான். டீவியத்தான் இன்னும் தரல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தருவான் போல."

"என்ன ராத்தா? விளங்கல்ல. ரிமோட்டா? அவனிட்டக் குடுங்க. மச்சான், பாஸ்போட் எங்க? எதுக்கும் அத..."

பஸால் நிமிர்ந்து பார்த்தான். மாமாவின் முகம் சதுரமான திரைக்குள் கதைத்துக்கொண்டிருந்தது. அபாயாவின் பக்கத்தைத் தடவினான். துணிக்கு மேலால் அந்தச் சாமானைக் கையால் இனங்கண்டுகொண்டான். முகம் மலர்ந்தது. திரையைப் பார்த்தபடி பெருவிரலால் ஒரு இடத்தை அமுக்கினான்.

கட்டாரில் ஜுனைட் அணைந்துபோனார்.